பாடகரைத் தேடிய மேடைகள்

பாட்டுப் போட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் போட்டியிடுவது பாட்டு, மற்றொன்றில் பாடுபவர். இத்தாலியின் கடலோர நகரமான சான்ரெமோவில் 1951 ஜனவரியில் தொடங்கிய தேசியப் பாட்டு விழா முதல் வகையைச் சேர்ந்தது. முதல் ஆண்டில் 20 புதிய பாடல்கள் களத்தில் இருந்தன. அவற்றைப் பாட வந்தவர்களோ நில்லா பீட்சி, அக்கிலே தோலியானி, ஃபசானோ சகோதரிகள் என்று மூன்றே தரப்பினர். ஒருவரே பல பாடல்களைப் பாடினார், பரிசு பாட்டுக்குத்தான். 1956இல் தொடங்கிய யூரோவிஷன் போட்டிக்கு முன்மாதிரியும் இந்த விழாதான்.

தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய தென்மாநிலங்களிலும் இப்படியொரு போட்டி வேரூன்றவில்லை. காரணம் சினிமா. மக்கள் முணுமுணுக்கும் புதுப்பாட்டு இங்கே படத்துக்காகவே பிறந்தது. கதைச் சூழலைச் சொல்ல இயக்குநர், மெட்டுப் போட இசையமைப்பாளர், எழுதக் கவிஞர் என்று அதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியிலிருந்து தேவைப்பட்டது குரல் ஒன்றே. ஆகவே இங்குள்ள போட்டிகள் எல்லாம் ஏற்கெனவே ஊரறிந்த பாட்டைக் கொடுத்து, அதைப் பாடத் தகுந்த குரலைத் தேடின. இந்த 70 ஆண்டுகளில் மாறியது, பாட வருபவரை நடுவருக்கும் மக்களுக்கும் எப்படி அறிமுகம் செய்வது என்பதுதான்.

முதலில் வந்தது வானொலி. செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக 1952இல் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியின் குரல் தேர்வு முறை இறுக்கமாக்கப்பட்டது. பாடுபவரின் பெயர், ஊர், குரு, முகம் எதுவும் தேர்வாளருக்குத் தெரியக் கூடாது என்பது அதன் அடிப்படை. திரைக்கு அப்பால் ஒருவர் பாடுவார். இப்பால் இருப்பவர்கள் சுருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா, ராகத்தின் வடிவம் தெரிகிறதா என்று காதால் மட்டும் கேட்டு மதிப்பிடுவார்கள். தேறியவருக்கு 'பி', 'ஏ' என்று தரம் கிடைக்கும். பரம்பரைப் பெருமையும் சிபாரிசும் செல்வாக்காக இருந்த துறையில், ஆளைப் பார்க்காமல் பாட்டைக் கேட்பது என்ற எண்ணமே பெரிய துணிவு. பெயர்பெற்ற வித்வான்கள் தங்களையும் தேர்வுக்கு உட்காரச் சொன்னதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய மனவருத்தத்தில் நியாயம் இருந்தாலும், முகம் தெரியாத இளைஞருக்கு அந்தத் திரை கொடுத்த இடத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வானொலி நடத்திய போட்டிகளும் பிற மேடைப் போட்டிகளும் திரையிசைக்கு ஆள் கொடுத்தன. 1956இல் அகில இந்திய வானொலிப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்று, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையால் அதை வாங்கிய எஸ். ஜானகி, அடுத்த ஆண்டே 'விதியின் விளையாட்டு' படத்தில் பாடினார். கேரளத்தில் 1958இல் நடந்த மாநிலப் பள்ளி இளைஞர் விழாவில் வாய்ப்பாட்டில் முதலிடம் பெற்றவர் கே.ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் முதலிடம், பின்னாளில் அவரைப் போலவே திரைப் பாடகரான பி. ஜெயச்சந்திரனுக்கு. பம்பாயில் வானொலிப் பெட்டி தயாரித்த மர்ஃபி நிறுவனத்தின் பெயரில் நடந்த அகில இந்தியப் போட்டியில் வென்ற மகேந்திர கபூர், அதில் நடுவராக இருந்த சி. ராம்சந்திராவின் இசையில் 'நவ்ரங்' படத்துக்குப் பாடினார்.

இவற்றுள் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் கூடூரில் நடந்த ஒரு போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு. பரிசு கொடுக்க வந்த ஜானகி, முதல் பரிசு இந்தப் பையனுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னதை அவர் பிற்காலத்தில் பல முறை நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1964இல் சென்னையில் ஒரு தெலுங்குக் கலாசார அமைப்பு நடத்திய போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. நடுவர்களில் பாடகர் கண்டசாலாவும் இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணியும் இருந்தார்கள். கோதண்டபாணி அந்தக் குரலை விட்டுவிடாமல் 1966இல் தாம் இசையமைத்த படத்தில் பாட வைத்தார். அப்போதெல்லாம் போட்டியின் உண்மையான பரிசு இதுதான்: கேட்க வேண்டிய ஒருவர் கேட்டுவிடுவது.

பாட்டுக்கே மதிப்பெண் போடும் வழக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. கேஸ்கர் காலத்தில் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதால் நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1952 டிசம்பரில் அங்கே தொடங்கிய 'பினாகா கீத்மாலா'வில் அமீன் சயானி இந்திப் பாடல்களைத் தரவரிசைப்படுத்திச் சொல்ல, வாரந்தோறும் ஆர்வம் கூடிக்கொண்டே போனது. இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' ரசிகரையே போட்டியாளர் ஆக்கியது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைச் சட்டென்று நினைவுக்குக் கொண்டுவந்து பாட வேண்டும். இனிய குரலைவிட நல்ல ஞாபகம் பெரிது. பின்னாளில் இது சன் டிவியிலும் பெரும் வரவேற்பு பெற்றது.

தனியார் தொலைக்காட்சி வந்ததும் திரை விலகியது. 1995இல் ஜீ டிவியில் 'ச ரி க ம', 1996இல் ஈ டிவியில் எஸ்.பி.பி. நடத்திய தெலுங்கு 'பாடுதா தீயகா', தமிழில் ஏ.வி. ரமணனின் 'சப்த ஸ்வரங்கள்' ஆகிய தொடக்க கால நிகழ்ச்சிகளில் போட்டியாளரைப் பற்றி அதிகம் சொல்லப்படவில்லை. பெயர், ஊர், படிப்பு, பிறகு பாட்டு. 2006இல் விஜய் டிவி தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' இந்த வரிசையை மாற்றியது. நெஞ்சில் எண் ஒட்டிய ஆயிரக்கணக்கானோர் தேர்வு நடக்கும் வளாக வாசலில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பதும், உள்ளே போய் ஒரு பல்லவி முடிவதற்குள் 'போதும்' என்ற சொல்லைக் கேட்பதும் நிகழ்ச்சியின் பகுதியே ஆயின. முன்பு அலுவலகக் கோப்புக்குள் முடிந்துபோன தேர்வு இப்போது பல வாரம் ஓடும் காட்சி.

அடுத்து வந்தது அறிமுகப் படம். பாடுவதற்கு முன்பே போட்டியாளரின் வீடு, அம்மா வேலை செய்யும் இடம், அப்பா பட்ட கடன், பழகிய ஆர்மோனியம் எல்லாம் திரையில் வந்துவிடும். குறுஞ்செய்தி வாக்கு முடிவைத் தீர்மானிக்கத் தொடங்கியபின் அந்தச் சில நிமிடங்களுக்குப் பாட்டுக்கு நிகரான எடை ஏற்பட்டது. வறுமையைக் காட்டி வாக்குக் கேட்பது பாடகரின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. ஆனால், சபாக்களின் வாசலை எட்டாத குரல்கள் இந்த வழியாகத்தான் வந்தன என்பதும் உண்மை. 2018இல் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 'சூப்பர் சிங்கர்' பட்டம் வென்றபோது, தெருவிழா மேடையில் மட்டும் ஒலித்த பாட்டு முறை கோடிக்கணக்கானோரின் வீட்டுக்குள் வந்தது. அதே நிகழ்ச்சியின் 2016 பட்டம், படங்களில் ஏற்கெனவே பாடியிருந்த ஒருவருக்குப் போனதால் எழுந்த சர்ச்சை, 'புதியவர்' என்பவர் யார் என்ற விதியைப் பற்றியது. இத்தகைய போட்டிகள் அந்த விதியை முன்கூட்டியே தெளிவாக அறிவிப்பதே முறை.

மொழி எல்லையும் இந்த மேடைகளில் தளர்ந்தது. 'பாடுதா தீயகா'வை நடத்திய எஸ்.பி.பி.யே ஈ டிவி கன்னடத்தில் 'எதெ தும்பி ஹாடுவெனு' நிகழ்ச்சியையும் நடத்தினார். கன்னடச் சிறுவருக்குக் கன்னடத்திலும் தெலுங்குச் சிறுவருக்குத் தெலுங்கிலும் உச்சரிப்பைத் திருத்தி, மெட்டு பிறந்த கதையைச் சொல்லி, தட்டிக்கொடுத்தார். 2015இல் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' பட்டத்தை வென்றவர் பெங்களூருச் சிறுமி. அதே ஆண்டு இரண்டாம் இடம் பெற்றவர் கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்ச் சிறுமி. பரிசாகக் கிடைத்த தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அவர் குடும்பத்தார் மேடையிலேயே அறிவித்தார்கள். 2023இல் ஜீ தமிழின் சிறுவர் போட்டியில் வென்றவர் யாழ்ப்பாணத்துச் சிறுமி. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒலியைத் தமிழ்நாடு கேட்டது. இன்று சென்னை மேடைக்குப் பாட யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்.