கடனும் அரசுப் பணி நம்பகமும்

மும்பையில் செம்பூரை ஒட்டிய டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் முதலான மத்திய அரசு நிறுவனங்களில், கடனைவிட அதை மறைப்பதே ஊழியருக்குப் பெரிய ஆபத்து. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, ஓயாத கடனாளியாகாமல் வாழவும், கடன் வசூல் வழக்கு வந்தால் உடனே தெரிவிக்கவும் சொல்கிறது. மருத்துவச் செலவால் நொடித்த தாராவிக் குடும்பத்துப் பிள்ளையை இது தண்டிக்காதா என்று கேட்கலாம். எதிர்பாராத சூழலால் வந்த கடன் என்று நிறுவ அதே விதி இடம் தருகிறது. நிறுவும் பொறுப்பு ஊழியருடையது. பொய்க்கு இடம் குறைவு: சரிபார்ப்புப் படிவத்தில் உண்மையை மறைத்தவரை நீக்கலாம், அற்ப விஷயமெனில் மன்னிக்கலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத ஸ்டேட் வங்கி, தவணை தவறிய பதிவுக்காக ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது. கடனை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும், 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்றது. அடைத்த கடனை ஆயுள் கறையாக்கும் இந்தக் கடுமை நியாயமன்று.