தையற்கூடத்தில் பூத்த காதல்

1911-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள். சனிக்கிழமை மாலை. நியூயார்க் மாநகரிலே பத்து மாடிக் கட்டிடமொன்றின் மேல் மாடிகள் மூன்றும் பற்றி எரிகின்றன. அந்த மூன்று மாடிகளிலும் நடந்து வந்தது, மகளிர் மேற்சட்டை தைக்கும் ‘டிரையாங்கிள்’ தொழிற்கூடம். தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. ஒன்பதாம் மாடியிலே தப்பிச் செல்லும் வழியொன்றின் கதவு பூட்டிக் கிடந்தது.

தெருவிலே நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் ஷெப்பர்டு என்னும் செய்தியாளர். அவர் கண்ட காட்சி இது: சாளரத்தில் ஓர் இளைஞன் நிற்கிறான். தீயிலே கருகுவதினும் வீழ்ந்து மடிவதே மேல் என்று துணிந்துவிட்ட பெண்களை, ஒருவர்பின் ஒருவராகக் கைகொடுத்து, டிராம் வண்டியில் ஏற்றிவிடுபவன் போன்ற பரிவோடு, வெளியே விடுகிறான். பிறகு ஒருத்தி வருகிறாள். அவனைத் தழுவிக்கொள்கிறாள், முத்தமிடுகிறாள். அவளையும் அவன் கைவிடவேண்டியதாகிறது. மறுகணமே அவனும் குதித்துவிடுகிறான்.

மாண்டவர் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களைச் சேர்ந்த இளவயதினர். சனிக்கிழமை யூத மதத்தார்க்கு ஓய்வுநாள். உழைக்கலாகாது என்று வேதம் விதித்த நாள். ஆயினும் வயிறு வேறொன்றை விதித்தது, வந்தார்கள், மாண்டார்கள்.

அந்த இளைஞன் யார்? முத்தமிட்ட அந்த நங்கை யார்? யூதரா, இத்தாலியரா? செய்தியாளரின் எழுத்திலே பெயரில்லை. ஆனால் தோழர்களே, அந்த ஒரு முத்தத்திற்கு முன்னே ஒரு வரலாறு இருக்கிறது. தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கிடையே இளம் உள்ளங்கள் எப்படி ஒன்றையொன்று கண்டுகொண்டன என்ற வரலாறு அது. காதற்கதை எழுதக் கிளம்பும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளவேண்டிய வரலாறும்கூட.

யூதன் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் யார்? கல்லூரியிலே பாடமாகப் படித்த ஷைலக்! கத்தியைத் தீட்டிக்கொண்டு, கடனுக்கு ஈடாகத் தசையைக் கேட்பவன். அவனைப் படைத்த ஷேக்ஸ்பியர் வாழ்ந்த இங்கிலாந்திலே யூதர்கள் யூதராக வெளிப்படையாய் வாழ உரிமையில்லை. 1290-இலேயே அரசன் ஆணையிட்டு அவர்களை நாடுகடத்திவிட்டான். மீண்டும் இடம் கிடைத்தது 1656 அளவிலே. அண்டை வீட்டில் யூதனைக் கண்டறியாத நாட்டிலே எழுந்த பாத்திரம், நம் வகுப்பறை வரை வந்து, ஓர் இனத்தின் முகமாகவே நின்றுவிட்டது. வட்டிக்கு விட்டவனைக் கண்ட நாம், ஊசி பிடித்தவளைக் காணவில்லை!

அவளை ஈண்டுக் காண்போம்.

கிழக்கு ஐரோப்பாவிலே, ரஷியப் பேரரசின் சிற்றூர்களிலே, யூதப் பெண்ணின் திருமணத்தை முடிவு செய்தவர் தந்தை. பேசி முடித்தவர் மணத் தரகர். பேச்சின் நடுநாயகம் வரதட்சணை. வேதநூல் கற்ற மாப்பிள்ளைக்கு மதிப்பு மிகுதி. அவர் ஓதிக்கொண்டிருக்க, கடையும் சந்தையும் கவனித்துக் குடும்பத்தைக் காத்தவர்கள் பல வீடுகளில் மனைவிமார்களே. 1881-இல் ரஷியப் பேரரசன் கொல்லப்பட்டான், பழி யூதர்மேல் விழுந்தது, வீடுகள் சூறையாடப்பட்டன. வறுமையும் வன்முறையும் துரத்த, 1881-க்கும் 1924-க்கும் இடையே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கக் கரை சேர்ந்தனர்.

நியூயார்க்கின் கிழக்குப் பகுதியிலே, காற்று நுழையாத அடுக்கு வீடுகளிலே குடியேறினர். தரகரும் கூடவே வந்தார். வரதட்சணையும் கப்பலேறி வந்தது. ஆனால் வந்த இடத்திலே புதியதொன்று காத்திருந்தது: கூலி! பதினாறு, பதினேழு வயதுப் பெண் காலையில் தையற்கூடம் செல்கிறாள். துணி வெட்டும் ஆடவரும், எந்திரம் மிதிக்கும் பெண்டிரும், இஸ்திரி போடுவோரும் ஒரே கூரையின்கீழ். வார முடிவில் அவள் கையிலே காசு. அந்தக் காசு பெரும்பாலும் குடும்பத்துக்கே போயிற்று என்றாலும், அதை ஈட்டியவள் தான் என்ற எண்ணம் அவளிடமே தங்கிற்று. ‘யாரை மணப்பது?’ என்ற கேள்வியைத் தந்தையிடம் கேட்டிருந்தவள், தன்னிடமே கேட்கத் தலைப்பட்டாள்.

இந்த மாறுதலை எழுத்தில் வடித்த முன்னோடி ஆப்ரகாம் காகன். 1882-இல் அமெரிக்கா வந்து, சுருட்டுத் தொழிற்கூடத்திலும் வேலை பார்த்தவர். 1896-இல் ‘யேக்ல்’ என்ற நாவலை ஆங்கிலத்திலே எழுதினார். ஊரிலே மனைவியை விட்டு வந்த தையல் தொழிலாளி ஒருவன், நாகரிக மங்கை ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். மனைவி வந்து சேர்ந்ததும் அவளைக் கண்டு வெட்குகிறான், மணவிலக்குப் பெறுகிறான். அந்த மனைவியோ, அதே கூடத்தில் வேலை செய்யும், நூல்கள் படிக்கும் நல்லவன் ஒருவனோடு புதுவாழ்வு தொடங்க முடிவு செய்கிறாள். கதை முடியும்போது வென்றவன் போலத் தோன்றியவன் தோற்றவனாகிறான். கைவிடப்பட்டவளை அழவைத்தே கொல்லும் கதைகளைப் படித்துப் பழகிய நமக்கு, அம்முடிவு எவ்வளவு ஆறுதல்!

அதே காகன், ‘ஃபார்வெர்ட்ஸ்’ என்னும் இட்டிஷ் மொழி நாளேட்டின் ஆசிரியராக, 1906-இல் வாசகர் கடிதப் பகுதியொன்றைத் தொடங்கினார். ‘கடிதக் கட்டு’ என்பது அதன் பெயர். காதலா கடமையா என்று கலங்கிய மங்கையர், கணவன் விட்டோடிய மனைவியர், வேற்று மதத்தாரை விரும்பிய இளைஞர் அனைவரும் அதற்கு எழுதினர். மதகுருவிடம் கேட்ட கேள்விகளை மக்கள் பத்திரிகையிடம் கேட்கத் தொடங்கினர் என்றால், எத்தகைய மாறுதல் அது, எண்ணிப் பாருங்கள்!

அடுத்து வந்தவர் ஆன்சியா யெசீர்ஸ்கா. தையற்கூடத்திலும் சலவைக் கூடத்திலும் உழைத்து, பிறகு ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1925-இல் அவர் எழுதிய நாவலின் பெயர் ‘உணவளிப்போர்’ என்று பொருள்படும். வேதம் ஓதும் தந்தை, மகள்களின் கூலியில் வாழ்கிறார். மூத்தவளை, அவள் வேலை செய்யும் கூடத்திலே துணி வெட்டுபவன் விரும்புகிறான். வரதட்சணையே வேண்டாம் என்கிறான். தந்தையோ, கூலி போய்விடுமே என்று, அவனிடமே பணம் கேட்கிறார்; காதல் கருகுகிறது. பின்னர், பிள்ளைகளோடு மனைவியை இழந்து நிற்கும் மீன் வணிகருக்கு அவள் மனைவியாக்கப்படுகிறாள். மகளின் கண்ணீரை அவர் காணவில்லையா? கண்டார், கூலியை அதற்குமேல் கண்டார்!

இளையவள் சாரா வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பகலிலே துணி தேய்த்து, இரவிலே படித்து, ஆசிரியையாகிறாள். பணியாற்றும் பள்ளியின் தலைமையாசிரியரே அவள் உள்ளத்தில் இடம் பெறுகிறார். நானும் ஆசிரியன் என்பதால் அப்பகுதியை மீண்டும் மீண்டும் படித்தேன். அந்தக் காதலிலே நிலவில்லை, நந்தவனமில்லை. உச்சரிப்புத் திருந்தாத ஆசிரியைக்குப் பரிவோடு திருத்தம் சொல்லும் ஒருவரும், அதை ஏற்கும் ஒருத்தியும் இருக்கின்றனர். எனினும் இறுதியில் முதிய தந்தையின் சுமை அவ்விருவர் தோளிலும் வந்து அமர்கிறது. பழைமை அவ்வளவு எளிதில் விடைபெறுவதில்லை என்பதை மறைக்காமல் எழுதினார் யெசீர்ஸ்கா.

இதற்கு நேர்மாறான கதையொன்றும் உண்டு. அது நடந்த கதை. சுருட்டுத் தொழிலாளியாக வாழ்ந்த ரோஸ் பாஸ்டர், 1905-இல் செல்வச் சீமானான ஸ்டோக்சை மணந்தபோது, ஏடுகள் அதைத் தேவதைக் கதையெனக் கொண்டாடின. 1925-இல் மணவிலக்கு நேர்ந்தது. சீமான் வந்து கைதூக்கிவிடுவான் என்னும் கனவை அந்தத் தெருக்களின் எல்லாப் பெண்களும் நம்பியிருக்கவில்லை என்பதற்குச் சான்று கிளாரா லெம்லிக்.

உருசிய மொழி நூல்களைப் படிக்கத் தந்தை தடைவிதித்தும், பொத்தான்துளை தைத்துக் காசு சேர்த்து நூல் வாங்கிப் படித்தவர் அவர். 1909 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்க, 23 வயதான கிளாரா எழுந்து, பேச்சுப் போதும், வேலைநிறுத்தம் தொடங்குவோம் என்று இட்டிஷ் மொழியிலே முழங்கினார். ஏறத்தாழ 20,000 பேர் வேலையை விட்டு வெளியேறினர். மிகுந்த வேலைநேரம், தண்டம், வேலை முடிந்து வெளியேறும்போது சோதனை, மேற்பார்வையாளரின் தகாத நடத்தை — இவையே அவர்கள் முறையீடு. தையற்கூடம் காதல் வளர்த்த இடம் மட்டுமல்ல. பெண்ணின் மானத்துக்குக் கேடு சூழ்ந்த இடமும் அதுவே.

அந்தப் போராட்டத்தில் சங்கத்தை ஏற்க மறுத்த கூடங்களில் ஒன்று டிரையாங்கிள். 1911-இலே தீ! அதன் முதலாளிகள் இருவரும் யூதர்களே. வழக்கு நடந்தது; கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று மெய்ப்பிக்கப்படவில்லையெனக் கூறி, 1911 டிசம்பரில் விடுதலையாயினர். ஓரினம் என்பதால் உழைத்தவளும் உடையவனும் ஒன்றாகிவிடவில்லை. மக்கள் சினம் மூண்ட பின்னரே, தொழிற்கூடப் பாதுகாப்புக்கெனச் சட்டங்கள் பல இயற்றப்பட்டன.

எழுதத் துடிக்கும் இளைஞர்களே! யூத இளைஞனையும் நங்கையையும் வைத்துக் கதை எழுதுங்கள். வேறெந்த மக்களை வைத்தும் எழுதுங்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு தொப்பியையும் ஒரு பண்டிகையையும் மாட்டிவிட்டு, வேலையிடத்தை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிடாதீர்கள். அவள் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறாள், கூலி யார் கைக்குப் போகிறது, தந்தை என்ன சொல்வார், மேற்பார்வையாளன் எப்படிப் பார்க்கிறான் — இவற்றைக் கேட்டறிந்து எழுதுங்கள். அப்போது அவள் உயிருள்ள பெண்ணாவாள்.

மறவாமல் இன்னொன்றையும் கேளுங்கள்: அவர்கள் வேலை செய்யும் கூடத்தின் கதவு திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? திறந்திருந்தால், அந்தச் சாளரத்து முத்தம் அன்று மாலை தெருவோரத்தில், இருவரும் வீடு திரும்பும் வழியில் நிகழ்ந்திருக்கும்.