வீகன் ஆகணுமா? காந்தியோட ஆட்டுப்பால்ல இருந்து ஆரம்பிப்போம்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது.

நாலு வருஷம் முன்னாடி நான் வீகன் ஆனேன். கறி, மீன், முட்டை மட்டும் இல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவுமே கிடையாது. எட்டு மாசம் தாக்குப் பிடிச்சேன். அப்புறம் ஒரு நாள் காலையில, அம்மா ஆத்தி வெச்ச ஃபில்டர் காபிய சமையக்கட்டுல நின்னபடியே குடிச்சேன். குடிச்சது கூட பெருசா உறுத்தல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட "இன்னும் வீகன்தான்"னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் பாருங்க, அதுதான் உறுத்துச்சு.

ரெண்டாவது தடவை ஆரம்பிக்கும்போது ரெசிபி வீடியோக்கள ஓரமா வெச்சிட்டு, வரலாறு படிச்சேன். எனக்கு முன்னாடி பாலை விட முயற்சி பண்ணவங்க எங்க வழுக்குனாங்க, ஏன் வழுக்குனாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது: இன்னைக்கு நமக்குக் கிடைக்கிற ஒவ்வொரு டிப்ஸுக்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் பட்ட அவஸ்தை இருக்கு. அந்த அவஸ்தைகளோட கதைதான் இன்னைக்கு. முடிவுல டிப்ஸும் உண்டு.

அம்மா சொன்ன அர்த்தம்

1888-ல, 18 வயசுப் பையனா காந்தி லண்டனுக்குப் படிக்கப் போறார். மாமிசம் தொட மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கார். வேகவெச்ச உப்புச் சப்பில்லாத காய்கறியும் ரொட்டியும் தின்னு பசியோட அலைஞ்சவருக்கு, ஃபாரிங்டன் தெருவுல ஒரு சைவ உணவகம் கண்ணுல படுது. அங்கேயே ஹென்றி சால்ட் எழுதின சைவ உணவு பற்றிய புத்தகத்தை வாங்குறார். அதுவரைக்கும் சத்தியத்துக்காக சைவமா இருந்தவர், அதுக்கப்புறம் தானே நம்பி சைவம் ஆகுறார். லண்டன் சைவ உணவுச் சங்கத்தோட நிர்வாகக் குழுவிலும் சேர்றார்.

அந்த வட்டாரத்துல "மாமிசம்"ங்கிற சொல்லுக்கு மூணு அர்த்தம் புழங்குச்சு. பறவையும் விலங்கும் மட்டும்தான் மாமிசம், மீனும் முட்டையும் ஓகேங்கிறது ஒண்ணு. எந்த உயிரோட சதையும் கூடாது, முட்டை ஓகேங்கிறது ரெண்டாவது. முட்டை, பால் உட்பட எதுவும் கூடாதுங்கிறது மூணாவது. முதல் அர்த்தத்தை எடுத்துக்கிட்டா காந்தி மீன் கூட சாப்பிட்டிருக்கலாம். கொஞ்ச நாள் முட்டை சாப்பிட்டும் பாத்தார். ஆனா, சத்தியம் வாங்கினது அம்மா. அம்மா மனசுல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதுதான் என்னைக் கட்டுப்படுத்தும்னு முடிவு பண்ணி முட்டையை விட்டுட்டார். இத ஞாபகம் வெச்சுக்கோங்க. 30 வருஷம் கழிச்சு இது திரும்பி வரும்.

ஆட்டுப்பால்

1912-ல, தென்னாப்பிரிக்காவுல டால்ஸ்டாய் பண்ணையில, நண்பர் ஹெர்மன் காலன்பாக்கோட சேர்ந்து காந்தி பாலை விடுறார். பிரம்மச்சரியத்துக்குப் பால் இடைஞ்சல்னு அவர் நம்பினது ஒரு காரணம். பசுவையும் எருமையையும் கறக்குறவங்க படுத்துற கொடுமை பத்தி கல்கத்தாவுல இருந்து வந்த எழுத்துகள படிச்சது இன்னொரு காரணம். பழம், கொட்டைகள்னு ஆறு வருஷம் பால் இல்லாம ஓடுது.

1918. குஜராத்தோட கேடா மாவட்டத்துல இருக்கும்போது கடுமையான வயித்துப்போக்கு. செத்துடுவோம்னே நினைக்கிறார். உடம்பு தேறவே இல்ல. பம்பாய் டாக்டர் தலால், பால் குடிச்சாத்தான் உடம்பைத் தேத்த முடியும்னு சொல்றார். காந்தி சத்தியத்தைக் காரணம் காட்டுறார். அப்போ கட்டில் பக்கத்துல நின்ன கஸ்தூரிபா, "அப்படின்னா ஆட்டுப்பாலுக்குத் தடை இருக்க முடியாதே"ங்கிற மாதிரி ஒரு வழி சொல்றாங்க. சத்தியம் பண்ணும்போது மனசுல இருந்தது பசுவும் எருமையும்தானே!

காந்தி ஒத்துக்கிட்டார். ரவுலட் சட்டத்துக்கு எதிரான போராட்டம் முன்னாடி நின்னுது. வாழணும்ங்கிற ஆசை ஜெயிச்சது. ஆனா தன்னோட சுயசரிதையில இத ஒளிக்காம எழுதுறார். சத்தியத்தோட எழுத்தைக் காப்பாத்தினேன், உயிரை விட்டுட்டேன்னு வருத்தப்படுறார். லண்டன்ல, சத்தியத்தோட அர்த்தத்தை அம்மா மனசுல தேடின அதே மனுஷன், இங்க தன் சொந்த சத்தியத்துல ஒரு சந்து கண்டுபிடிச்சு நுழைஞ்சார். அது அவருக்கே நல்லா தெரிஞ்சிருந்தது.

அதே சுயசரிதையில வாசகர்கள்கிட்ட ஒரு உதவியும் கேக்குறார். பாலுக்கு ஈடா, அதே அளவு சத்தும் செரிமானமும் உள்ள தாவர உணவு ஏதாவது இருந்தா சொல்லுங்க. ஆனா புத்தகத்துல படிச்சத சொல்லாதீங்க, அனுபவத்துல கண்டத சொல்லுங்கன்னு. இந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். நான் ராத்திரி ஒரு மணிக்கு கூகுள்ல தேடின அதே கேள்வி!

1931-ல வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போனப்போ, நவம்பர் 20-ஆம் தேதி, அதே சைவச் சங்கத்துல பேசுறார். 43 வருஷம் முன்னாடி அவர் வாங்கின புத்தகத்தை எழுதின ஹென்றி சால்ட் அந்தக் கூட்டத்துல இருக்கார். அங்கேயும் ஆட்டுப்பால் விஷயத்தை மறைக்கல. கடைசி வரைக்கும் ஆட்டுப்பாலைத் தொடர்ந்தார்.

பேர் வெச்ச தச்சுவேலை வாத்தியார்

இப்போ இங்கிலாந்து. டொனால்ட் வாட்சன், பிறந்தது 1910, யார்க்‌ஷயர்ல. சின்ன வயசுல மாமாவோட பண்ணையில பன்றியை வெட்டுறதைப் பாக்குறார். அதுவரைக்கும் அந்தப் பண்ணை அவருக்கு சொர்க்கம். 14 வயசுல சைவம் ஆகுறார். பெரியவர் ஆகி, பள்ளியில தச்சுவேலை சொல்லித் தர்ற வாத்தியார். இரண்டாம் உலகப்போர்ல ஆயுதம் தூக்க மாட்டேன்னு பதிவு பண்ணவர்.

பாலும் முட்டையும் வேணாம்ங்கிறவங்களுக்குத் தனிப் பிரிவு ஒண்ணு கொடுங்கன்னு இவரும் இவரோட கூட்டாளிகளும் சைவச் சங்கத்துகிட்ட கேட்டாங்க. கிடைக்கல. 1944 நவம்பர்ல தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. "வெஜிடேரியன்"ங்கிற ஆங்கிலச் சொல்லோட முதல் மூணு எழுத்தையும் கடைசி ரெண்டு எழுத்தையும் சேத்து "வீகன்"னு பேர் வெச்சாங்க. "டெய்ரிபேன்", "பெனவோர்" மாதிரியும் யோசனைகள் வந்துச்சு. தப்பிச்சோம்!

அது எந்தக் காலம்னு யோசிங்க. போர் நடக்குது, சாப்பாடெல்லாம் ரேஷன். இறைச்சி வேணாம்னு பதிவு பண்ண சைவக்காரங்களுக்கு அரசு கூடுதலா சீஸ் கொடுத்துச்சு. சீஸும் வேணாம்னு சொன்னவங்க அந்தச் சலுகையையும் விட்டாங்க. கடையில சோயா பால் வரிசையா அடுக்கி வெச்ச காலம் இல்ல அது. தாவரப் பால் தயாரிக்கணும்னே 1956-ல ஒரு சங்கம் தொடங்கி, 1965-லதான் "பிளாமில்"ங்கிற பேர்ல சோயா பால் விற்பனைக்கு வந்துச்சு. ஒன்பது வருஷம்!

சிவப்புப் படிகங்கள்

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருந்துச்சு. அதோட பேரு கூட அப்போ யாருக்கும் தெரியாது.

ஒரு வகை ரத்தசோகை 1926 வரைக்கும் மரண தண்டனை மாதிரி. அந்த வருஷம் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ரெண்டு பேரும், நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் கொடுத்தா பிழைக்கிறாங்கன்னு காட்டினாங்க. நோபல் பரிசும் கிடைச்சது. ஆனா ஈரல்ல இருக்கிற எது காப்பாத்துதுன்னு தெரிய இன்னும் 22 வருஷம் ஆச்சு. 1948-ல அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியா அதைப் பிரிச்செடுத்தாங்க. சிவப்பு நிறப் படிகங்கள். அதுதான் வைட்டமின் பி12. காந்தி சுடப்பட்டது அந்த வருஷம் ஜனவரியில.

பி12-ஐ செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. பாக்டீரியா மட்டும்தான் செய்யும். அது விலங்கு உடம்புல சேர்ந்து, பால், முட்டை, இறைச்சி வழியா மனுஷனுக்கு வருது. ஆக, வாட்சனோட சங்கம் ஆரம்பிச்சப்போ, தங்க சாப்பாட்டுல என்ன இல்லைங்கிறது அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. 1955-ல ஃபிராங்க் வோக்ஸும் கூட்டாளிகளும் பிரிட்டிஷ் வீகன்களைப் பரிசோதிச்சு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சிலருக்கு நாக்குப் புண், கை கால்ல ஊசி குத்துற மாதிரி உணர்வு. ரத்தத்துல பி12 குறைவு. அந்த மனுஷங்க எல்லாம் ஒரு கொள்கைக்காகத் தெரியாமலே தங்க நரம்புகளைப் பணயம் வெச்சிருந்தாங்க.

இத படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா என் எட்டாவது மாசத்துல வலது பாதம் மரத்துப் போக ஆரம்பிச்சிருந்தது. செருப்பு சரியில்லைன்னு நினைச்சேன். அப்புறம் டெஸ்ட் எடுத்தா பி12 அடிமட்டத்துல. டாக்டர் சிரிச்சிட்டே சொன்னாங்க: "இது எட்டு மாசத்துல வந்தது இல்லப்பா. அதுக்கு முன்னாடியே குறைவாத்தான் இருந்திருக்கும். இப்போ இன்னும் இறங்கியிருக்கு." 1955-ல ஒருத்தருக்கு நேர்ந்தா அது அறியாமை. 2020-க்கு அப்புறம் எனக்கு நேர்ந்தா அது சோம்பேறித்தனம்.

"நம்ம பாரம்பரியமே பால்தானே?"

வீட்டுல வர்ற முதல் கேள்வி இதுதான். பாலும் நெய்யும் நம்ம மரபுல உசந்த இடத்துல இருந்தது உண்மை. ஆனா தினம் மூணு வேளை காபி, ராத்திரி தயிர்சாதம், ஆர்டர் பண்ணா பனீர், இந்த அளவு பால் எல்லாருக்கும் எட்டினது ரொம்பச் சமீபத்துலதான். 1950-51-ல இந்தியாவோட மொத்தப் பால் உற்பத்தி சுமார் 1.7 கோடி டன். 2022-23-ல சுமார் 23 கோடி டன். நடுவுல 1970-ல தொடங்கின வெண்மைப் புரட்சி, கூட்டுறவுச் சங்கங்கள், கிராமத்துல வீட்டுக்கு ரெண்டு மாடு வெச்சிருந்த லட்சக்கணக்கான குடும்பங்களோட உழைப்பு எல்லாம் இருக்கு. அதனால பால்காரரை வில்லனாக்கி நான் பேசப் போறதில்ல. அவரோட பிழைப்பும் இந்தக் கதையில ஒரு பகுதி.

சரி, டிப்ஸ்

முதல்ல பி12. இதுல சமரசமே கிடையாது. பிரிட்டன் வீகன் சங்கத்தோட பரிந்துரை: தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் மாத்திரை. ஆரம்பிக்கும் முன்னாடியே ரத்தப் பரிசோதனை பண்ணி டாக்டர்கிட்ட காட்டுங்க. "ரெண்டு வருஷமா மாத்திரை இல்லாம நல்லாத்தான் இருக்கேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஈரல்ல இருக்கிற சேமிப்பு சில வருஷம் வரும். கீரையில இருக்கிற ஃபோலேட், ரத்தசோகையை மறைச்சிடும். நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள பாதிச்சிட்டே இருக்கும்.

ரெண்டாவது, கால்சியம். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. நூறு கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் இருக்கு. காலையில ராகிக் கூழ், சாயங்காலம் எள்ளுருண்டை, பாதி வேலை முடிஞ்சது.

மூணாவது, புதுசா சமைக்கக் கத்துக்காதீங்க. ஏற்கெனவே இருக்கிறத எண்ணுங்க. இட்லி, ரசம், புளியோதரை, சுண்டல், இடியாப்பம், ஆப்பம் தேங்காய்ப்பால், கடலை மிட்டாய். ஓட்டல்ல மட்டும் பொங்கல், கேசரி, சாம்பார்ல நெய் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

நாலாவது, காபி. சோயா பாலைக் கொதிக்கிற டிகாக்‌ஷன்ல ஊத்தினா திரிஞ்சிடும். பாலை முதல்ல சூடு பண்ணி, டிகாக்‌ஷனை அதுல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. இல்லைன்னா கருப்பட்டிக் காப்பி இருக்கே. தயிருக்கு வேர்க்கடலைப் பால்ல பச்சைமிளகாய்க் காம்பு போட்டு ஒறை ஊத்துற வழக்கம் பல வீகன் வீடுகள்ல இருக்கு.

அஞ்சாவது, பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருந்தா சைவம்னு மட்டும்தான் அர்த்தம். உள்ள பால் பவுடர் இருக்கலாம். வீகனுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல தனி விதிமுறையே கொண்டு வந்திருக்கு, பச்சை நிற "வி" முத்திரையோட. அதைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு, இது எனக்கே நான் சொல்லிக்கிறது. தவறினா, தவறினேன்னு சொல்லிடுங்க. காந்தி ஆட்டுப்பாலை ஊரறியச் சொன்னார். நான் ஒரு டம்ளர் காபிய ரெண்டு மாசம் மறைச்சேன்.

பிறகு அம்மாகிட்ட சொன்னேன். "குடிச்சது எனக்குத் தெரியும்டா, டம்ளரை நீதானே கழுவி வெச்ச? என்னைக்கு நீ டம்ளர் கழுவியிருக்க?"ன்னாங்க. இப்போ காலையில எங்க வீட்டுல ரெண்டு டம்ளர் இருக்கும். ஒண்ணு அவங்களோட ஃபில்டர் காபி, இன்னொண்ணு எனக்குக் கருப்பட்டிக் காப்பி. பக்கத்துல மாத்திரை அட்டை. சில நாள் அம்மா என் டம்ளரைப் பாத்து, "ஒரு சொட்டு பால் விடட்டுமா"ன்னு கேப்பாங்க. கஸ்தூரிபா கேட்ட அதே பிரியத்தோட. வேணாம்மான்னு சொல்லிட்டுக் குடிக்கிறேன்.

நீங்க எங்க வழுக்குனீங்கன்னு எழுதி அனுப்புங்க. புத்தகத்துல படிச்சது வேணாம், அனுபவம்தான் வேணும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.