முத்துப் பார்களில் வாழ்ந்த கடற்பஞ்சுகள்

மன்னார் வளைகுடாவின் வரலாறு பெரும்பாலும் முத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மதுரைக்காஞ்சி கொற்கை முத்தைப் போற்றுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், அங்கு முத்தெடுக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறினும் எல்லோர் கண்ணும் முத்தின் மீதே இருந்தது. அந்த முத்துச்சிப்பிக்கு அருகிலும் அதன் மேலும், சில வேளைகளில் அதன் ஓட்டைக் குடைந்து உள்ளேயும் வாழ்ந்த ஓர் உயிர்க்குலம் நம் கவனத்திற்கு வெளியே நின்றுவிட்டது. கடற்பஞ்சுகளையே குறிப்பிடுகிறேன்.

நெய்தல் பாடல்களில் முத்தும் சங்கும் பவளமும் உண்டு. கடற்பஞ்சு என்று உறுதியாகச் சுட்டத்தக்க சொல் எதையும் நான் அவற்றில் கண்டதில்லை. 'கடற்பஞ்சு' என்பதே பார்வைக்குப் பொருந்த அமைந்த பெயர்தான். பார்ப்பதற்குச் செடி போலவும் பஞ்சு போலவும் இருப்பினும் இது விலங்கு. வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை. உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாக்டீரியா முதலிய நுண்ணுணவை வடித்துக்கொண்டு, பெருந்துளை வழியே நீரை வெளியேற்றும். ஆழம் குறைந்த கரையோரக் கடலில் பாறையும் பவளத்திட்டும் உள்ள இடமெல்லாம் இதற்கு இருப்பிடம்.

இவற்றை அறிவியல் நோக்கியதும் முத்தின் பொருட்டே. 1860களில் இலங்கை முத்துப்படுகைகளை ஆராய அமர்த்தப்பட்ட ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் திரட்டிய கடற்பஞ்சுகளை, 1873இல் பவர்பேங்க் விவரித்தார். மன்னார் வளைகுடாவில் வாரியெடுக்கப்பட்டு லிவர்பூல் அருங்காட்சியகத்திற்குச் சென்ற மாதிரிகளை, 1880-81இல் கார்ட்டர் ஆராய்ந்து எழுதினார். இவர் முன்னர் பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றியபோதே நன்னீர்ப் பஞ்சுகளை ஆராய்ந்தவர். அடுத்து, சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு ஆர்தர் டெண்டி 1887இலும் 1889இலும் இரு கட்டுரைகள் வெளியிட்டார். 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' நூலால் நாம் அறிந்த அதே தர்ஸ்டன்தான் இவர்.

1891க்குப் பின் இலங்கைப் பக்கத்தில் பல ஆண்டுகள் சலாபம் நடைபெறவில்லை. சிப்பிகள் ஏன் அழிகின்றன என்று ஆராய, லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார். ஜேம்ஸ் ஹார்னெல் உடன் வந்தார். அவர்களின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. முத்துப்படுகையைக் குறிக்கும் 'பார்' என்ற தமிழ்ச்சொல் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே ஆளப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. குளியாட்களின் சொல் இன்றி அந்தக் கடலடியைப் பேச இயலவில்லை.

அவ்வறிக்கைக்காக 1905இல் கடற்பஞ்சுகளை விவரித்தவரும் டெண்டியே. கடற்பஞ்சின் வடிவும் நிறமும் இடத்துக்கிடம் மாறக்கூடியவை. ஆகவே அதன் உடலுள் பொதிந்த நுண்முட்களை உருப்பெருக்கியில் கண்டே இனம் பிரிக்க வேண்டும். இவ்வாறு அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று கிளியோனா மார்கரிட்டிபெரே. சிப்பியின் ஓட்டைக் குடைந்து, அதை நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவருவது இது. முத்துச்சிப்பிக்கு அன்று வழங்கிய இலத்தீன் பெயரே இதன் பெயருக்குள் அமர்ந்திருக்கிறது. பகையாயினும் முத்தை ஒட்டியே பெயர் பெற்றது.

இந்தியக் கரையில் கடைசிச் சலாபம் 1961இல் தூத்துக்குடியில் நடந்தது. முத்துக்குளிப்பு நின்றபின் கடற்பஞ்சைக் கடற்பஞ்சாகவே பார்க்கும் பணி வலுப்பெற்றது. 1947இல் தொடங்கப்பெற்று மண்டபத்தில் நெடுங்காலம் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஏ. தாமஸ், மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இருந்து சுமார் 275 இனங்களை 1980களில் தொகுத்து விவரித்தார். பார்களின் செழுமையை இத்தொகை உணர்த்தும்.

ஆயினும் பழைய பார்வை முற்றும் மாறிவிடவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001இல் இடம்பெற்றவை சுண்ணாம்பு முள் கொண்ட கடற்பஞ்சுகள் மட்டுமே. உலகில் அறியப்பட்ட இனங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேறொரு வகுப்பைச் சேர்ந்தவை. தாமஸ் விவரித்தவையும் அவ்வகுப்பினவே. 1986இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அவற்றுக்கும் காவல் உண்டு. எல்லைக்கு வெளியே கடலடியைத் துழாவும் இழுவைமடியில் அறுபட்டு வருபவற்றைக் கழிவென்று வீசுவதே வழக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்னும் கரும்பஞ்சு, உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து அதைக் கொல்வது இப்பகுதியில் கடந்த பத்தாண்டுகளில் பதிவாகியுள்ளது. எனவே கடற்பஞ்சு எல்லாம் நன்மையே என்று கொள்வதற்கும் இல்லை. எது எங்கே எவ்வளவு வளர்கிறது என்று தொடர்ந்து கண்காணித்தால்தான் எதைக் காப்பது, எதற்கு அஞ்சுவது என்று தெளியும். அதற்கு இனங்களைப் பிரித்தறிய வல்லோர் வேண்டும்.

முத்தைப் பற்றி நம்மிடம் ஈராயிரம் ஆண்டு இலக்கியம் இருக்கிறது. அதே பாரில் வாழும் இவ்வுயிர்களைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கையேடு எழுதப்படுமாயின், 'பார்' என்ற சொல்லை உலகுக்குத் தந்த குளியாட்களின் வழிவந்தோர் அதனை முதலில் படிப்பவராக இருத்தல் வேண்டும். அவர்கள் மூழ்கிக் கண்டவற்றுள் பட்டியலில் ஏறாதவை இன்னும் இருக்கக்கூடும்.