குளிர்நீரில் உயிர்பிழைத்தல்

குளிர்ந்த கடலிலோ ஏரியிலோ விழுந்த ஒருவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்பது நீரின் வெப்பநிலை, உடற்கொழுப்பு, உடை, மிதவை அங்கி ஆகியவற்றைப் பொறுத்தது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனினும், உடல் விறைத்துத்தான் சாவு வருகிறது என்ற பரவலான எண்ணம் சரியன்று. பலர் அதற்கு வெகு முன்பே மூழ்கிவிடுகின்றனர்.

முதலில் தடுமாறுவது மூச்சு. தோல் சட்டெனக் குளிர்ந்ததும் வாய் தன்னையறியாமல் காற்றை இழுக்கிறது. அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் மீள்வது அரிது. இத்திணறல் ஓரிரு நிமிடங்களில் தணியும். பிறகு கைகால்கள் செயலிழக்கும். தேர்ந்த நீச்சல்காரருக்கும் இதில் விலக்கில்லை. ஹைப்போதெர்மியா, அதாவது உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது, கடைசியாகவே வருகிறது. உறைநிலையை ஒட்டிய நீரில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்களைப் பயன்படுத்தப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று கனடிய உடலியலாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் கணக்குச் சொல்கிறார். மிதவை அங்கி இல்லாதவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஏட்டளவில்தான்.

இக்கணக்கை மீறியவர் ஐஸ்லாந்து மீனவர் குத்லாய்குர் ஃபிரித்தோர்சன். 1984 மார்ச்சில் வெஸ்ட்மன்னாயார் தீவுகளுக்கு அருகே ஐவர் சென்ற ஹெல்லிசே என்ற படகு கவிழ்ந்தது. 5 முதல் 6 டிகிரி வரை குளிர்ந்திருந்த கடலில் ஐந்தாறு மணி நேரம் நீந்தி அவர் மட்டும் கரையேறினார். அதன்பின் எரிமலைக் குழம்பு இறுகிய கூர்ங்கற்கள்மீது வெறுங்காலுடன் நடந்தார். ஆடுகளுக்கு வைத்திருந்த தொட்டியின் பனிக்கட்டியைக் கையால் உடைத்துத் தாகம் தீர்த்துக்கொண்டார். லண்டனில் உடலியலாளர் வில்லியம் கீட்டிங்கின் குழு அவரைச் சோதித்தபோது தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் இருந்தது. மனவுறுதியை வியந்தவர்கள் பலர். ஆய்வாளர்கள் முதன்மையாகச் சுட்டியது அந்தக் கொழுப்பை. இவரது கதையைத் தழுவி பால்தசார் கோர்மாகூர் 2012இல் திரைப்படம் எடுத்தார்.

மீட்கப்படும் தருணத்திலும் ஆபத்து உண்டு. உடலைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் விலகியதும் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோகலாம். ஆகவே நீரில் நெடுநேரம் கிடந்தவரை, இயன்றவரை, கிடைநிலையிலேயே தூக்குகின்றனர்.