திண்ணை மேடையான கதை

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், கயூகா ஏரியின் தென்கோடியில் இத்தாக்கா என்னும் சிறுநகர் உள்ளது. குன்றின்மேல் கார்னெல் பல்கலைக்கழகமும், அடிவாரத்தில் ஃபால் கிரீக் என்னும் குடியிருப்பும் அமைந்துள்ளன. மரத்தாலான பழைய வீடுகள் நிறைந்த அத்தெருக்களில், வீட்டு முகப்பிலே தூண்களும் கூரையும் கொண்ட திறந்த மேடையைக் காணலாம். அதனை அவர்கள் போர்ச் என்பர். நம் திண்ணையைவிட அகலமானது. ஆயினும் திண்ணையின் பணியையே அதுவும் செய்கிறது. 2007-ஆம் ஆண்டு, திறந்தவெளியில் உகுலேலே வாசித்துக் களித்த ஒரு நாளில், அண்டை வீட்டாரான லெஸ்லி கிரீன், கிரெட்சன் ஹில்ட்ரெத் என்னும் இருவருக்கும் ஓர் எண்ணம் தோன்றியது. இத்தனை திண்ணைகள் இருக்க, தனியே ஒரு மேடை எதற்கு? அவ்வாண்டே 20 இசைக்குழுக்கள் வீட்டு முகப்புகளில் அமர்ந்து வாசித்தன. போர்ச்ஃபெஸ்ட் என்ற திண்ணை இசைவிழா இவ்வாறு பிறந்தது.

ஒரு பிற்பகலில் பிறந்த எண்ணமாயினும், அதன் வேர் ஆழமானது. இங்கிலாந்திலிருந்து குடியேறியோர் தம் நாட்டில் கட்டிய வீடுகளுக்கு அகன்ற முகப்புத் திண்ணை பெரும்பாலும் இருந்ததில்லை. அப்படியாயின் அமெரிக்காவுக்கு அது எங்கிருந்து வந்தது? நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சிறு வீடுகளை ஆராய்ந்த ஜான் மைக்கேல் விளாக், அவற்றின் வழியை ஹெயிட்டி நாட்டுக்கும் அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் 1970-களில் தேடிச் சென்றார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், வெயிலுக்கேற்ற தம் முகப்பையும் உடன் கொணர்ந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. இதில் நமக்கும் ஒரு சிறு பங்குண்டு. வராந்தா என்ற சொல் இந்தியாவிலிருந்தே ஆங்கிலத்துக்குள் புகுந்தது. பின்னர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் என்னும் கட்டடக்கலை எழுத்தாளர், 1850-இல் வெளிவந்த தம் நூலில் நாட்டுப்புற வீடுகளுக்குத் திண்ணையின் அழகைப் பரிந்துரைக்க, செல்வரும் அதனை விரும்பிக் கட்டலாயினர். யார் கொணர்ந்தது என்பது அதற்குள் மறந்துபோயிற்று!

திண்ணையோடு வந்த இசைக்கும் இதே கதைதான். இன்று வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்கு அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோ, ஆப்பிரிக்கர் வழிவந்த கருவி. அரங்குகளில் சமமான இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு, வீட்டு முகப்பும் முற்றமுமே இசைக்கூடங்களாயின. மிசிசிப்பி மாநிலத்து ஜான் ஹர்ட் 1928-இல் இசைத்தட்டுகளுக்குப் பாடினார், அவை விலைபோகவில்லை. அவர் அவலான் என்னும் தம் சிற்றூருக்குத் திரும்பி, வயல் வேலை செய்துகொண்டு, ஊராருக்காக வாசித்து வந்தார். 1963-இல் இசை ஆர்வலர் ஒருவர் தேடிச் சென்று கண்டபோதுதான் வெளியுலகம் அவரை மீண்டும் அறிந்தது. இடைப்பட்ட அந்த 35 ஆண்டுகளை வீணான காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் திண்ணையின் வீழ்ச்சி தொடங்கியது. 1947-இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பின் வீடுகள் முகப்புத் திண்ணை இன்றியே கட்டப்பட்டன. குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் மக்களை உள்ளே அழைத்துக்கொண்டன. ஓய்வுக்குரிய இடம் வீட்டின் பின்புறத்திற்கு மாறியது. தெருவில் போவோரின் முகம் தெரியாமற் போயிற்று.

இப்பின்னணியில்தான் திண்ணையிலே வாசிப்பதன் பொருள் விளங்கும். தனிப்பட்ட மேடையோ, நுழைவுச்சீட்டோ இல்லை. வீட்டுக்காரர் முகப்பைத் தருகிறார். குழு குறித்த நேரம் வாசித்துவிட்டு, தானே கேட்போராகி அடுத்த தெருவுக்கு நடக்கிறது. மரத்தளம் காலடியில் அதிர்கிறது. கூரை ஒலியைத் தெருவை நோக்கித் தள்ளுகிறது. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே மூன்று நான்கு படிகளே உள்ளன. அரங்கில் இருள் மறைக்கும் முகங்களை இங்கே பட்டப்பகலில் நேருக்கு நேர் காண வேண்டும். பிடிக்காதவர் எழுந்து போவதும் கண்ணுக்குத் தெரியும். அனுபவமிக்க இசைவாணருக்கும் இது எளிதன்று. நாளை காலையில் அதே மனிதரைக் கடைத்தெருவில் சந்திக்க வேண்டுமே!

விழா விரைந்து பரவியது. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சோமர்வில் நகரம் 2011-இல் தொடங்கி, ஊரை மூன்று பகுதிகளாக்கி, இரண்டிரண்டு மணி நேரமாக இசை மேற்கிலிருந்து கிழக்காக நகரும்படி வகுத்தது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இது நடைபெறுகிறது. கூட்டம் பெருகினால் தெருவை அடைக்க வேண்டும், காவலர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும். பணத்துக்காக விளம்பரதாரரை நாடினால், அண்டை வீட்டாருக்கென்று எழுந்த விழாவை அயலூர்க் கூட்டம் நிறைத்துவிடுமோ என்ற கவலை எழுகிறது. அக்கவலை நியாயமானதே.

2020-இல் பெருந்தொற்று இவ்விழாக்கள் பலவற்றை நிறுத்தியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இத்தாலி நாட்டு மக்கள், விழா என்று எவரும் பெயரிடாமலேயே, தத்தம் மாடி முகப்புகளில் நின்று எதிர்வீட்டாரோடு சேர்ந்து பாடினர். கீழே தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன.