ஒரு கர்னல் எழுதிய இலத்தீன் அகராதி

இலத்தீன் படிக்கத் தொடங்கியவர் 'துலித்' என்ற சொல்லைப் பார்க்கிறார். 'தூக்கிச் சென்றான்' என்பது பொருள். அச்சு அகராதியில் அந்த விளக்கம் 'ஃபெரோ' என்ற வினையின் கீழ்தான் இருக்கும். நம் அகராதிகளிலும் 'வந்தான்' தலைச்சொல் அல்ல, 'வா'தான் தலைச்சொல். நமக்கு அது தாய்மொழி என்பதால் சிரமம் தெரிவதில்லை. ஆனால் வேர்ச்சொல் தெரியாத மாணவருக்கு எவ்வளவு பெரிய அகராதியும் பூட்டிய கதவுதான்.

அந்தக் கதவைத் திறந்தவர் மொழிப் பேராசிரியர் அல்லர். அமெரிக்க விமானப்படைக் கர்னல் வில்லியம் விட்டேக்கர். 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் கணினிகளில் நூற்றுக்கணக்கான நிரல்மொழிகள் புழங்கின. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பராமரிக்க முடியவில்லை. இதற்குத் தீர்வு காண 1975இல் அமைத்த குழுவுக்கு விட்டேக்கர் தலைவரானார். அந்த முயற்சியில் பிறந்ததே 'ஏடா' என்ற நிரல்மொழி.

பணி ஓய்வுக்குப் பிறகு, அதே ஏடாவில் அவர் எழுதிய இலத்தீன் நிரல்தான் 'வேர்ட்ஸ்'. வேற்றுமை, எண், இடம், காலம் என இலக்கண வகைகளைக் கறாராகப் பிரித்து வைக்க ஏடா மிகவும் பொருத்தமான மொழி. நீங்கள் தட்டும் சொல்லின் கடைசி எழுத்துகளைத் தனக்குத் தெரிந்த விகுதிகளோடு நிரல் ஒப்பிடுகிறது. விகுதியைக் கழற்றி, மிச்சத்தைப் பகுதிகளின் பட்டியலில் தேடுகிறது. கிடைக்காவிட்டால் முன்னொட்டுகளையும் பின்னொட்டுகளையும் பிரித்துப் பார்க்கிறது. அந்தச் சொல் அடிக்கடி வருவதா, அபூர்வமானதா என்றும் குறிப்பு தருகிறது. பட்டியலில் சுமார் 39,000 சொற்கள். ஓய்வுபெற்ற ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த சேமிப்பு இது. அதை மூலநிரலோடு இலவசமாகவே கொடுத்தார். நோட்ரடேம் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் அதை வைத்தது. நிரலைத் தரவிறக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்த முடிந்தது.

வேர்ட்ஸ் வாக்கியத்தைப் படிக்காது, தனிச்சொல்லை மட்டுமே பார்க்கும். 'புவெல்லாய்' என்று கொடுத்தால் 'சிறுமியின்', 'சிறுமிக்கு', 'சிறுமிகள்' என எல்லா வாய்ப்புகளையும் அடுக்கிவிடும். எது பொருந்தும் என்று தீர்மானிப்பது படிப்பவர் வேலை. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. இலக்கணம் மனதில் பதிவது அந்தத் தேர்வில்தான்.

எந்த நூலாசிரியர் ஒரு சொல்லை எந்தப் பொருளில் ஆண்டார் என்பதற்கு வேறு இடம் போக வேண்டும். 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் பேரகராதியை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் திட்டம் முழுமையாக மின்வடிவாக்கி இணையத்தில் தந்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் 'லோகெயான்' தளத்திலும் அது உண்டு. அந்த அகராதியில் பொருள்களுக்கு சிசரோ, வெர்ஜில் போன்ற நூலாசிரியர்களிடமிருந்து மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

விட்டேக்கர் 2010இல் காலமானார். மூலநிரல் திறந்தே இருந்ததால் மற்றவர்கள் அதை எடுத்துப் பராமரிக்கிறார்கள். இலத்தீன் தொடங்கும் நண்பர்களே, வடிவத்தைப் பிரித்தறிய வேர்ட்ஸ், பொருளில் ஆழ்வதற்கு லூயிஸ்–ஷார்ட் என்று இரண்டையும் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள்.